ரோனா கெட்டிஸுக்கு ஒரு ஜிக்

இன்வர்கெல்டி ஊரில் பல் டாக்டரின் நாய் பெயரில் ஒரு நடனம் உண்டு. ஒழுகிக்கொண்டிருந்த மண்டபக் கூரைக்கு ஒரு நடனம் உண்டு. கூரையை மாற்றிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, நடனத்தை இன்னும் ஆடுகிறார்கள். பக்கத்து ஊரில் வகுப்பு நடத்தும் ஐலா ராட்ரேக்கு மட்டும் மூன்று: ஒன்று ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, ஒன்று பேத்தி பிறந்ததற்கு, மூன்றாவது முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்கு. இருபத்திரண்டு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் சாயங்காலம் ஏழு மணிக்குத் தேவாலய மண்டபத்தில் கிராமிய நடனம் சொல்லிக்கொடுத்து வரும் ரோனா கெட்டிஸுக்கு ஒன்றுகூட இல்லை.

"எனக்கு அதுலல்லாம் ஆசை கிடையாது" என்று அவளே சொல்லிக்கொள்வாள், யாரும் கேட்காதபோதே. ஆசை இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. வசந்தகால நடன விழாவின் நிகழ்ச்சி நிரல் தபாலில் வந்ததும், அதில் ஐலாவின் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.

முப்பது வருஷம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிய கை அவளுடையது. எண்ணாமல் அவளால் இருக்க முடியாது. மாடிப்படியை எண்ணுவாள். பிரசங்கத்தின் நடுவே போதகர் எத்தனை தடவை இருமினார் என்று எண்ணுவாள். அவள் நடன ஆசிரியர் தேர்வில் தேறிய வருஷம் கணவர் மன்ரோ தோட்டத்துக் கண்ணாடி அறையில் தக்காளி வளர்க்கப் போனார். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் தவிர மனிதர் இன்னும் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோனா வகுப்புக்கு இசை தேர்ந்தெடுப்பாள். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தாலும் எடுக்க மாட்டாள். முன்னறை மேசையில் நான்கு செருப்புப் பெட்டிகள் இருக்கும். ஒன்றில் துள்ளலான ஜிக் இசைத்தட்டுகள், ஒன்றில் ஓட்டமான ரீல், ஒன்றில் நிதானமான ஸ்ட்ராத்ஸ்பே. நான்காவது பெட்டியின் மேல் 'சேராதவை' என்று எழுதியிருக்கும். சுற்றுக்கு முப்பத்திரண்டு ஆவர்த்தனமாக எட்டுச் சுற்று கொண்ட ஒரு ஜிக் நான்கு நிமிஷம் இருபத்து நான்கு நொடியில் முடிய வேண்டும். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பாள். இருபத்தாறு நொடி என்றால் தட்டு நான்காவது பெட்டிக்குப் போகும். அதை வாசித்தவர்கள் எவ்வளவு பெரிய ஆட்களாக இருந்தாலும் அவளுக்குக் கவலை இல்லை.

ஒவ்வொரு நடனத்துக்கும் அதற்கென்று ஒரு மெட்டு உண்டு, முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் அதில்தான் ஆட வேண்டும், நடுவில் வருவதும் அதற்குச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஐலா எந்த மெட்டு கையில் கிடைத்தாலும் போட்டு ஆடவைப்பவள். ஒருத்தி கல்யாணத்துக்கு இன்னொருத்தி பெயரில் பத்திரிகை அடிப்பது போல இருக்கிறது என்று ரோனா சொல்வாள். அது ஐலாவின் காதுக்குப் போய்ச் சேரும்படியாகவும் பார்த்துக்கொள்வாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்துவரும் இசையை வகுப்பில் யாரும் முழுதாகக் கேட்டது கிடையாது. மூன்றாவது சுற்றில், சில நாள் இரண்டாவதிலேயே, ரோனா இரண்டு தடவை கை தட்டுவாள். பளார் பளார் என்று. இசை நிற்கும். ஆட்டம் நிற்கும். தூக்கிய கால் தூக்கியபடி ஆட்கள் நிற்பார்கள்.

"எல்லாரும் அவங்கவங்க எடத்துக்குப் போங்க. அந்த முழங்கை என்ன முழங்கை? பெட்டி தூக்குற மாதிரி. முதல்லேருந்து."

கோடு போட்டது போல ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர்வரிசை. ஒரு கூட்டத்துக்கு நான்கு ஜோடி. தலைமாட்டில் நிற்கும் முதல் ஜோடிதான் ஆட்டத்தை நடத்தும். ஒரு ஜோடிக்கு இரண்டு சுற்று; தன் முறை முடிந்ததும் அது கடைசிக்கு இறங்கும், மற்றவர்கள் ஒரு படி மேலே ஏறுவார்கள். அப்படியே ஏறி ஏறி நான்காவது ஜோடிக்கு முறை வரும்போது ஏழாவது சுற்று நடக்கும். மூன்றாவது சுற்றிலேயே கை தட்டும் வகுப்பில் அந்த ஏழாவது சுற்று எப்போது வரும் என்று கேட்கக் கூடாது.

நான்காவது இடத்தில் நிற்பவர் கென்னத் மில்ன். எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற தபால்காரர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வகுப்பு தொடங்கிய முதல் செவ்வாய்க்கிழமை, இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலது பக்கம் திரும்பி ஒரு பெண்ணின் மூக்கில் மோதினார். "கென்னத், நீங்க கடைசில நில்லுங்க. முன்னாடி ஆடுறவங்களப் பாத்துப் பழகிக்கலாம்" என்றாள் ரோனா. அவர் போய் நின்றார். திரும்பி வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவள் சொன்னதை அவள் மறந்துவிட்டாள், அவர் மறக்கவில்லை.

ஜனவரி மாத ஆண்டுக் கூட்டத்தில் எல்ஸ்பெத் யூல் எழுந்து நின்றாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், வருஷத்துக்கு நான்கு வாக்கியம் பேசினால் அதிகம். கட்டம் போட்ட தாளில் புது நடனம் எழுதுவது அவள் பொழுதுபோக்கு. பல் டாக்டர் நாயின் நடனம்கூட அவள் கைவண்ணம்தான். ஒரு உறையை எடுத்து ரோனாவிடம் நீட்டினாள்.

"வகுப்புல எல்லாரும் சேர்ந்து யோசிச்சது. ரோனா கெட்டிஸின் ஜிக். இனிஸ் இதுக்குன்னே புது மெட்டுப் போட்டுத் தர்றாரு. வசந்த விழாவுல ஆடலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். "ஐயோ, எனக்கெதுக்கு இதெல்லாம்" என்றாள் ரோனா. உறையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல் காருக்குள் விளக்கைப் போட்டுப் படித்தாள். கண்ணில் நீர் கட்டியது. நீரைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

ஏனென்றால் அந்தத் தாளில் பிழைகள் இருந்தன. முதல் எட்டு ஆவர்த்தனம் முதல் பெண் மட்டும் ஒவ்வொருவர் முன்னாலும் போய்ப் போய் வருகிறாள். மற்ற ஏழு பேரும் மரம் மாதிரி நிற்கிறார்கள். ஒன்பதாவதில் எல்லோரும் கைகோத்து வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கிறார்கள். பன்னிரண்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். முதல் பெண் இரண்டு தடவை கை தட்டுகிறாள், எல்லோரும் பழைய இடத்துக்கு நடந்து போகிறார்கள். பதினேழாவதில் அதே வட்டத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து முடிக்கிறார்கள். கடைசி எட்டில் முதல் ஜோடி கீழே இறங்க, மற்றவர்கள் ஏறுகிறார்கள். இத்தனைக்கும் மேலே, 'மூன்று சுற்று மட்டும்' என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலையில் எல்ஸ்பெத்துக்குப் போன் போட்டாள்.

"எல்ஸ்பெத், ஆடுறது நாலு ஜோடி. மூணு சுத்துன்னு போட்டிருக்கே. கணக்கு டீச்சர்தானே நீ?"

"எண்ணித்தான் போட்டேன் ரோனா."

"அப்ப நாலாவது ஜோடி என்ன பண்ணும்?"

"நிக்கும்."

"பாவம் இல்லையா?"

"அவங்களுக்குப் பழக்கம்தான்" என்றாள் எல்ஸ்பெத்.

ரோனா யோசித்தாள். இது ஏதோ புதுப் பாணி என்று முடிவு செய்தாள். நிற்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதி, அதற்கு ஒரு ஆழம் இருக்கிறது, ஐலா மாதிரி ஆட்களுக்கு இது புரியாது. சிவப்பு மையின் மேல் வெள்ளை மை தடவி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாள். அவள் தன் திருத்தத்தைத் திருத்திக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இனிஸ் டலாஸ் பதிவு செய்து அனுப்பிய மெட்டை மேசையில் வைத்துக் கேட்டாள். இனிஸ் பகலில் மாட்டுத்தீவனக் கடை நடத்துபவர், சனிக்கிழமைகளில் அக்கார்டியன் வாசிப்பவர். அவருக்கும் ரோனாவுக்கும் பல வருஷமாகச் சண்டை; எந்தச் சுற்றுக்கு எந்த மெட்டு என்று அவள் பட்டியல் எழுதி அனுப்புவாள், அவர் அதன் பின்பக்கத்தில் தவிட்டு மூட்டைக் கணக்குப் போடுவார். ஆனால் இந்த மெட்டைக் குறை சொல்ல இடமில்லை. நன்றாகக் கிளம்பி, நடுவில் சட்டென்று நின்று, மறுபடியும் முதல் அடியிலிருந்தே தொடங்கியது. ஒரு நிமிஷம் முப்பத்தொன்பது நொடி, பிசகில்லை.

"கேட்டீங்களா மன்ரோ, தயங்குது பாருங்க. அடக்கமான ஆளுக்குப் போட்ட மெட்டுன்னு உடனே தெரியுது" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

மன்ரோ தக்காளிச் செடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

பிப்ரவரியில் வகுப்புக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தாள் என்பது சம்பிரதாயம். இசையைப் போட்டதும் பதினாறு பேரும் முதல் தடவையிலேயே ஒரு பிசகில்லாமல் ஆடினார்கள். நிற்க வேண்டிய இடத்தில் நின்றார்கள், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பினார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மண்டபத்தில் ஒரு நடனம் தொடங்கி முடியும்வரை நிற்காமல் நடந்தது அன்றுதான். ரோனாவுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. இசைத்தட்டு போடும் கருவியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, வேறு வழியில்லாமல் வேடிக்கை பார்த்தாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. முதல் பெண்ணாக எல்ஸ்பெத் மோவாயைத் தூக்கிக்கொண்டு வரிசையைச் சுற்றி வந்தாள். ஒருவரின் காலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கென்னத்தின் முழங்கையை இரண்டு விரலால் தொட்டு ஒரு அங்குலம் கீழே இறக்கினாள். அந்த இரண்டு விரலை ரோனாவுக்குத் தெரியும். பிறகு எல்ஸ்பெத் கை தட்டினாள். பளார் பளார் என்று.

ரோனாவின் முகத்தில் ஈயாடவில்லை. "நல்லா இருக்கு. அடுத்தது ரீல்" என்றாள். அதை மூன்றாவது சுற்றில் நிறுத்தியவள் யாரையும் திருத்தாமல் வகுப்பைச் சீக்கிரமே முடித்துவிட்டாள். சிலருக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் நேரே தீவனக் கடைக்குப் போனாள். இனிஸ் கோழித்தீவனம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"இனிஸ், என்னை வச்சு எல்லாரும் சிரிக்கிறீங்க."

"ஆமா."

இல்லை என்று ஒரு பேச்சுக்காவது சொல்வார் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள்.

"உக்காரும்மா, அந்த மூட்டை மேல உக்காரு" என்றார் இனிஸ். "நல்லபடியா எழுதிப் பாக்காம இல்ல. எல்ஸ்பெத் ரெண்டு எழுதினா. ஒண்ணு பிரசங்கம் மாதிரி இருந்துச்சு, இன்னொண்ணை ஆடிப் பாத்தா யாருக்கும் உன் ஞாபகமே வரல. இதை எழுதினதும் எல்லாருக்கும் நீதான்னு பட்டுச்சு. நானும் அன்னைக்கே மெட்டுப் போட்டுட்டேன். எனக்கு மெட்டு வர்றதுக்கு மாசக்கணக்கா ஆகும், தெரியுமில்ல."

"நான் நடுவுல நிறுத்துறது ஒழுங்கா வரணும்னுதான்."

"வந்துச்சா?"

"இதை எடுத்துடச் சொல்லப் போறேன்" என்றாள்.

"தாராளமா. வெள்ளிக்கிழமை நிரல் அச்சுக்குப் போகுது. ஐலாதான் பொறுப்பு. எடம் காலியானா அவகிட்ட ஒண்ணு தயாரா இருக்கு. 'ஐலா வீட்டுத் தோட்டக் கதவு'. கதவுக்குப் புதுசா வண்ணம் அடிச்சாளாம்."

ரோனா மூட்டை மேல் உட்கார்ந்தபடியே இருந்தாள். ஒரு பக்கம் தன் பெயரில் ஒரு கேலி. அச்சில் ஏறினால் என்றைக்கும் அழியாது. இன்னொரு பக்கம் ஐலாவுக்கு நான்காவது நடனம், அதுவும் ஒரு கதவுக்கு. மானமா ஐலாவா என்று வந்தபோது அவளுக்கு முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை.

"நடுச்சுத்துக்கு என்ன மெட்டு வாசிக்கப் போற?" என்று கேட்டாள். "தாறுமாறா எதையாவது வாசிச்சு வைக்காத. பட்டியல் அனுப்புறேன்."

"அனுப்பு. இங்க தாளுக்குத் தட்டுப்பாடு" என்றார் இனிஸ்.

எப்படி இருந்தாலும் விழாவில் தலைமாட்டில் நிற்கப் போகிறவள் தான்தான் என்று அவள் தேற்றிக்கொண்டாள். எல்ஸ்பெத் செய்ததை எல்ஸ்பெத்தைவிட நன்றாகத் தன்னால் செய்ய முடியும்; அது தன் சொந்தச் சொத்து. தானே செய்துவிட்டால் கேலிக்கு அங்கே என்ன வேலை? இதற்காக ஒரு புதுக் கால்செருப்பை வீட்டுக்குள் போட்டுப் பழக்கினாள்.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை நகர மண்டபத்தில் ஒன்பது கூட்டம் ஆடுவதற்கு ஆள் சேர்ந்திருந்தது. சூப்பும் பன்றி இறைச்சி ரொட்டியும் முடிந்து, இரண்டாம் பாதியின் முதல் நடனமாக ரோனா கெட்டிஸின் ஜிக்கை அறிவித்தார்கள். ரோனா பாவாடையைத் தட்டிவிட்டு எழுந்தாள். எதிரே கென்னத் மில்ன் நின்றிருந்தார். கட்டம்போட்ட கில்ட் பாவாடையை இஸ்திரி போட்டிருந்தார்.

"ரோனா, இதை என்கூட ஆடுறீங்களா?"

கூப்பிட்டவரை மறுக்கக் கூடாது, அது மகா மரியாதைக்குறைவு என்று இருபத்திரண்டு வருஷமாக வகுப்பில் சொல்லி வந்தவள் அவள்தான். "சந்தோஷமா" என்றாள். கென்னத் அவள் கையைப் பிடித்து முதல் இடம், இரண்டாவது, மூன்றாவது எல்லாவற்றையும் தாண்டி, பழக்க தோஷத்தில் நேரே கடைசிக்குக் கூட்டிப்போனார்.

"கென்னத், மேல எடம் இருக்கே."

"என் எடம் இதுதானே? நீங்கதான் சொன்னீங்க, பாத்துப் பழகிக்கலாம்னு."

அவர் குத்திக்காட்டவில்லை. அவருக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. இனி இடம் மாற நேரமில்லை. இனிஸ் முதல் சுரத்தை இழுத்துவிட்டார், எல்லோரும் தலை குனிந்து வணங்கினார்கள்.

தன் நடனத்தில் ரோனா நான்காவது பெண்ணாக நின்றாள். முதல் சுற்றில் மேலே நின்றவள் ஐலா ராட்ரே. ஐலா விரலை ஆட்டிக்கொண்டு சுற்றி வந்தாள், ரோனாவின் முன்னால் நின்றாள், இரண்டு விரலால் அவள் முழங்கையை ஒரு அங்குலம் இறக்கினாள். மண்டபம் சிரித்தது. இரண்டு கைதட்டு. பழைய இடம். மறுபடி வட்டம். ஐலா கீழே இறங்க, ரோனா ஒரு படி ஏறினாள். இரண்டாவது சுற்றில் இன்னொருத்தி வந்து அதே முழங்கையைத் தொட்டாள். ரோனா இன்னொரு படி ஏறினாள். கால் துறுதுறுத்தது, முறை கிட்டே வருகிறது, இன்னும் ஒன்றுதான். மூன்றாவது சுற்று முடிந்து மூன்றாவது ஜோடியும் கீழே இறங்கியது. ரோனாவும் கென்னத்தும் தலைமாட்டில் வந்து நின்றார்கள். இசை நின்றது.

"எப்பவும் இப்படித்தான்" என்றார் கென்னத், வணங்கி நிமிர்ந்துகொண்டே. "வகுப்புல இவ்வளவு மேலகூட வந்ததில்ல. இங்கேருந்து பாத்தா வாத்தியக்காரரெல்லாம் தெரியுறாங்க."

ஒன்றரை நிமிஷம் காத்து நின்றதற்கே ரோனாவுக்கு அழுகை வந்தது. இருபத்திரண்டு வருஷத்தைச் செவ்வாய்க்கிழமைகளாக எண்ண ஆரம்பித்தாள். ஐந்நூறுக்கு மேல் எண்ணத் தைரியம் வரவில்லை.

ஒரு நடனம் பிடித்துப்போனால் கூட்டம் கை தட்டிக்கொண்டே இருக்கும், வாத்தியக்காரர் மனசு வைத்தால் இன்னொரு சுற்று வாசிப்பார். கூட்டம் தட்டியது, ஓயப் பார்த்தது. இனிஸ் அக்கார்டியனை மடியில் இறக்கிவிட்டுத் தண்ணீர்க் குவளையை எடுத்தார். அப்போது மண்டபத்தின் தலைமாட்டிலிருந்து சத்தம் கேட்டது. பளார் பளார். மறுபடியும் பளார் பளார். இனிஸ் ரோனாவைப் பார்த்தார். குவளையைக் கீழே வைத்தார்.

நான்காவது சுற்று நடந்தது. ரோனா மோவாயைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தாள், காலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், எல்லார் முழங்கையையும் இறக்கினாள். ஐலாவின் முழங்கையை இரண்டு அங்குலம் இறக்கினாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது, அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கென்னத் கடைசி எட்டில் அவளுடைய தவறான கையைப் பிடித்தார். அவள் ஏழு ஆவர்த்தனம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். எட்டாவதில் "வலது கை கென்னத்" என்றாள்.

அந்த வருஷம் ரோனா கெட்டிஸின் ஜிக் பதினொரு ஊர் நிரலில் ஏறியது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு ரோனா இருந்ததுதான் காரணம். ஐலாவின் மூன்றும் எங்கேயும் இல்லை. ரோனா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டாள்.

விழாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் சீக்கிரமே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேர்ந்தெடுத்த ஜிக் கையில் இருந்தது. நான்கு நிமிஷம் இருபத்து நான்கு நொடி. இன்று எட்டுச் சுற்றும் ஓடும். வானமே இடிந்து விழுந்தாலும் கை தட்டுவதில்லை என்று தீர்மானம். போட்டாள். மூன்றாவது சுற்றில் ஒருவர் தப்பாகத் திரும்பினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஐந்தாவதில் ஒரு வட்டம் கோணியது. கண்ணை மூடிக்கொண்டாள். ஏழாவது சுற்றில் கண்ணைத் திறந்து, தலைமாட்டில் கென்னத் ஏறி நிற்கப் போவதைப் பார்ப்பதற்காகத் தேடினாள். அங்கே வேறு யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"கென்னத் எங்க? உடம்பு சரியில்லையா?" என்று எல்ஸ்பெத்திடம் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்காரு" என்றாள் எல்ஸ்பெத். "செவ்வாய்க்கிழமை இனிமே புல்வெளில பந்து உருட்டி விளையாடப் போறாராம். மேல போய்ப் பாத்தாச்சு, அங்க ஒண்ணும் பெருசா இல்லன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."